கல்யாணப் பந்தலில் கொட்டகை விளக்கு

வெளிச்சத்துக்கு வாசனை உண்டு என்று நான் சொன்னால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். போன மாதம் எங்கள் வாசல் கேட்டின் கீல் ஒடிந்துபோய், அதை ஒட்டவைக்க வெல்டிங்காரர் ஒருவர் வந்திருந்தார். அடுப்படியில் இருந்த எனக்கு, அவர் வேலையைத் தொடங்கியது கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. கரி தீய்ந்த நெடியும், இடி விழுந்த பிறகு காற்றில் வருமே ஒரு காரம், அதுவும் கலந்த வாசனை. எட்டிப் பார்த்தால், அந்த மனுஷர் முகத்துக்கு நேராகக் கறுப்புக் கண்ணாடி வைத்த தகட்டைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறார். அவரைச் சுற்றி எங்கள் வீட்டுப் பொடிசுகளும் பக்கத்து வீட்டுப் பொடிசுகளும் வாயைப் பிளந்துகொண்டு அந்த நீல வெளிச்சத்தையே பார்த்து நிற்கின்றன. நான் போட்ட சத்தத்தில் வெல்டிங்காரரே வேலையை நிறுத்திவிட்டார். பிள்ளைகளை உள்ளே விரட்டி, சன்னலைச் சாத்தி, கேட்டை மறைத்து ஒரு ஜமுக்காளத்தைக் கட்டச் சொன்ன பிறகுதான் அவரை மறுபடியும் தொடவிட்டேன். கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் பலகாரம் தட்டில் குறைந்தபோது அந்தக் குரலுக்கும் தெரிந்திருக்கும்.

அன்று முழுவதும் எனக்கு நங்கையின் ஞாபகமாகவே இருந்தது. எங்கள் பக்கத்தில் கணவரின் அக்காளை நங்கை என்போம். உறவு முறையில் பார்த்தால் எனக்கு அதட்டல் போட வேண்டியவர்கள். அதட்டவும் செய்தார்கள், அதை மறைப்பானேன். நான் வைக்கும் ரசத்தில் புளி தூக்கல் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நான் ஒரு வீட்டுக்கு வாழப் போனேன், பிள்ளை பெற்றேன், இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால், அதற்கெல்லாம் ஆரம்பம் அந்த அம்மாள் ஒரு காலை நேரத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைத் தடவிக்கொண்டு எங்கள் வாசலுக்கு நடந்து வந்ததுதான்.

எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டைக்குப் போகிற வழியில் மலையைப் பார்த்தபடி இருந்தது. நங்கையும் அதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தார்கள், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அவர்கள் தம்பிக்கு என்னைப் பேசி முடித்ததே அவர்கள்தான். கல்யாணத்துக்கு நாள் குறித்து, முகூர்த்தக்கால் நடப்போகிற சமயத்தில், எங்களோடு ஒரே வீட்டில் இருந்த பெரியப்பாவுக்கு அம்மை வார்த்தது. வைசூரி. எங்கள் வீட்டு நிலையில் வேப்பிலை கட்டியாகிவிட்டது, உறவு ஒன்றும் படியேறவில்லை, கடைசியில் பெரியப்பா போய்விட்டார். கல்யாணம் நின்றது. கல்யாணம் நின்றுபோன பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்று இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கிணற்றடிக்குப் போனால் பேச்சு நிற்கும். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் பேச்சு மறுபடி தொடங்கும். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வருஷம் பொறுத்தார்கள். நங்கைதான் பொறுக்கவைத்தார்கள். ஆனால் மறுபடியும் ஏதாவது தடங்கல் வந்தால் வேறு இடம் பார்த்துவிடுவது என்று என் மாமியார் வாய்விட்டே சொல்லியிருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும்.

இப்படி ஒரு நிலையில், இரண்டாம் தடவை குறித்த கல்யாணத்துக்கு எங்கள் சித்தப்பா ஒரு வெளிச்சம் கொண்டுவந்தார்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. சீமெண்ணெய் கிடைப்பது குதிரைக் கொம்பு. கல்யாண வீட்டுக்குப் பெட்ரோமாக்ஸ் வாடகைக்குக் கிடைத்தாலும் அதற்கு ஊற்ற எண்ணெய் இல்லை. சித்தப்பா ஒரு டூரிங் கொட்டகையில் கூட்டாளி. ஆத்தூர்ப் பக்கம் கொட்டகை போட்டிருந்தவர்கள், அடுத்த ஊருக்கு உத்தரவு கிடைக்கும் வரை சாமான்களைக் கட்டிவைத்திருந்தார்கள். படம் காட்டும் மெஷினுக்குள் ஒரு விளக்கு இருக்கும். பென்சில் போன்ற இரண்டு கரிக்குச்சிகளை எதிரும் புதிருமாக வைத்து, மின்சாரம் பாய்ச்சினால் இரண்டின் நுனிக்கும் நடுவில் ஒரு சுடர் நிற்கும். அந்தச் சுடரின் வெளிச்சம்தான் திரையில் போய் ஆளாகவும் குதிரையாகவும் விழுகிறது. சித்தப்பா அந்த விளக்கையும் அதற்கான எஞ்சினையும் மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து பந்தல் முன்னால் இறக்கினார். ஒரு தடவை நின்றுபோன கல்யாணம், இந்தத் தடவை ஊரே அண்ணாந்து பார்க்கும்படி நடக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவருக்கு என்மேல் அவ்வளவு பிரியம். வம்பு என்னவென்றால், அந்தப் பிரியத்தைக் காட்டுவதற்கு அவருக்குக் கிடைத்தது அந்த விளக்கு.

மெஷினில் இருக்கும்போது அந்த விளக்கு ஒரு இரும்புப் பெட்டிக்குள் அடைந்து கிடக்கும். முன்பக்கம் கனமான கண்ணாடி வழியாக மட்டும் வெளிச்சம் வெளியே போகும். அப்படியே வைத்தால் ஒரு பக்கம்தானே வெளிச்சம் அடிக்கும், பந்தல் முழுக்க விழ வேண்டாமா? சித்தப்பா பெட்டியைக் கழற்றினார், கண்ணாடியையும் கழற்றினார். வெறும் விளக்கைக் கம்பத்தில் கட்டி, பின்னால் ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்தி, அந்தத் தகரத்துக்குப் பின்னால் தான் உட்கார்ந்துகொண்டார். கரிக்குச்சி தேயத் தேய நகர்த்திக் கொடுக்க வேண்டுமாம். அதற்குத் தகரத்தில் ஒரு ஓட்டை போட்டு, மெஷினில் இருந்து எடுத்த கறுப்புக் கண்ணாடித் துண்டு ஒன்றை அதில் பொருத்தியிருந்தார். வீட்டில் அத்தனை பேரிலும் அந்த விளக்குக்கு மறைப்புக் கட்டிக்கொண்டது அதைக் கொண்டுவந்தவர் மட்டும்தான்.

கல்யாணம் எங்களுக்கு மூன்று நாள் விசேஷம். முதல் நாள் பொழுது சாய்ந்ததும் எஞ்சின் தடதடத்தது, விளக்கு எரிந்தது, கரி தீய்ந்த அந்தக் கார நெடி பந்தலில் ஏறியது. நான் மணையில் உட்கார்ந்திருந்தேன், நேர் எதிரே விளக்கு. அந்த வெளிச்சத்தை என்னவென்று சொல்வது? பந்தலில் தொங்கிய மாவிலையின் நரம்பு தெரிந்தது. எதிர்வீட்டு ஓட்டின்மேல் உட்கார்ந்திருந்த பூனை விடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்து சோம்பல் முறித்தது. பெண்கள் எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து நலங்கு வைத்தார்கள், பாட்டுப் பாடினார்கள், பூக் கட்டினார்கள். கட்டுகிற கையைப் பார்க்காமல் எல்லாரும் விளக்கைத்தான் பார்த்தார்கள். நங்கை தன் கைக்குழந்தையைத் தூங்கவைத்து வீட்டில் விட்டுவிட்டு, பூக்கூடையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஊர்க் கணக்குப்பிள்ளை கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவரச் சொல்லி விளக்குக்குக் கீழேயே போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டியபடி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பெரியம்மா தாலி இழந்தவள் என்பதால் நலங்குப் பக்கம் வரவில்லை. தூண் ஓரமாக நின்று என்னையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று எல்லார் முகத்திலும் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சித்தப்பாமேல் கோபம் வருவதில்லை.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு விழிப்பு வந்தது. கண்ணுக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்தது போல ஒரு வலி. இமை வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் பிரித்தால் கொட்டுகிற தண்ணீர், அதோடு ஊசி குத்தல். அடுப்பில் எரிந்த சின்ன நெருப்பு வெளிச்சம்கூடத் தாங்கவில்லை. முகம் காந்தியது. எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன். அப்புறம் பக்கத்தில் படுத்திருந்த என் வயசுச் சோட்டுப் பெண் முனகினாள். அந்தப் பக்கம் படுத்திருந்தவளும் முனகினாள். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க அழுகுரல்.

பெரியம்மாவின் கண்ணும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவள் இமையைப் பிரித்துக்கொண்டு, விளக்கை ஏற்றி, என் முகத்தருகே கொண்டுவந்து பார்த்தாள். நான் வலியில் கத்தினேன். பெரியப்பாவுக்கும் முதலில் கண்தான் சிவந்தது, முகம்தான் காந்தியது. அவர் கிடந்த கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவள் அவள். அவள் கொல்லைக்குப் போய் வேப்பங்கொத்துகளை ஒடித்துவந்து நிலையில் செருகினாள். வேப்பிலை ஏறிவிட்டால் அது அம்மன் வந்த வீடு. தலைக்குத் தண்ணீர் ஊற்றி அம்மனை அனுப்பிவைக்கும் வரை அந்த இலையை யாரும் தொடக்கூடாது, உறவு வரக்கூடாது, சுப காரியம் கூடாது. எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்த இலை நிலையில் உரசுகிற சத்தம் கேட்டது. அது என்ன சத்தம் என்று எனக்குப் போன வருஷமே தெரியும். கண் வலி மறந்துபோய் நெஞ்சுக்குள் வலித்தது. என் கல்யாணம் இரண்டாம் தடவையும் நின்றுவிட்டது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நன்றாக விடிந்த பிறகு வாசலில் நங்கையின் குரல் கேட்டது. இனி நான் சொல்வதெல்லாம் காதால் கேட்டது. அன்று என்னால் எதையும் பார்க்க முடியவில்லை, நங்கையாலும் முடியவில்லை. முந்தானையைக் கண்ணில் கட்டிக்கொண்டு, வீட்டுச் சுவர்களைத் தடவித் தடவி வந்திருந்தார்கள். நிலையைப் பிடிக்க நீட்டிய கையில் வேப்பிலை தட்டுப்பட்டது.

“ஏனுங் பெரீம்மா, இதென்ன தழை கட்டியிருக்குதுங்க?”

“அம்மா வந்திருக்கறா சாமி. அம்மிணிக்குக் கண்ணெல்லாம் செவந்துபோச்சு. நீ உள்ள வராத, கைக்கொழந்தைக்காரி.”

“எனக்குந்தானுங்க செவந்திருக்குது. கண்ணைத் தொறக்கவே முடியல. இன்னும் ஆருக்கெல்லாம் வந்திருக்குது?”

பெரியம்மா பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். நலங்கு வைத்தவர்கள், பாட்டுப் பாடினவர்கள், பூக் கட்டினவர்கள், அப்பா. கடைசியாக, தனக்கும் கொஞ்சம் இருப்பதாகச் சொன்னாள். நங்கை கேட்டார்கள்:

“சமையலுக்கு வந்தவங்களுக்கு?”

“அவிங்க நல்லாத்தான் இருக்கறாங்க. பொறக்கடையில தடுக்குக் கட்டிச் சமைச்சுக்கிட்டு இருந்தாங்க, இந்தப் பக்கமே வரல.”

“மாமன் எஞ்சின்கிட்டயே உக்காந்திருந்தாரே, அவருக்கு?”

சித்தப்பா எங்கேயோ மூலையில் நின்றிருக்கிறார். தனக்கு ஒன்றும் இல்லை என்று ஈன சுரத்தில் சொன்னார். ஊரெல்லாம் கண்ணைப் பிடித்துக்கொண்டு அழும்போது தான் மட்டும் நல்ல கண்ணோடு நிற்பதில் அவருக்கு அவ்வளவு கூச்சம். தகரத்துக்குப் பின்னால் இருந்ததையும் கறுப்புக் கண்ணாடி வைத்திருந்ததையும் நங்கை கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னார். மெஷின் ஓட்டுகிற ஆள், பெட்டியைத் திறந்துவிட்டு அந்த விளக்கைப் பார்க்கவே கூடாது என்று சொல்லிக்கொண்டே இருப்பானாம். சூடு தாங்காது என்பதற்காகச் சொல்கிறான் என்று இவர் நினைத்துக்கொண்டாராம்.

“கணக்குப்பிள்ளையைக் கூப்பிடுங்க” என்றார்கள் நங்கை.

கணக்குப்பிள்ளை படியேற மறுத்துத் தெருவிலேயே நின்று பேசினார். விளக்குக்குக் கீழேயே பொழுது போக்கியவர் அவர்தான். தமக்குக் கன்னம் கொஞ்சம் காந்துவதாகவும், கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றும், மூக்குக்கண்ணாடியைத்தான் கழற்றவே இல்லையே என்றும் கத்திச் சொன்னார்.

“கேட்டீங்களா பெரீம்மா? வெளக்குக்கு நேரா உக்காந்தவிங்களுக்கு மட்டும் வந்திருக்குது. மறைப்புல இருந்தவிங்களுக்கு இல்ல. கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தவருக்கும் இல்ல. ஆத்தா வந்தா ஊட்டுக்கு ஊடு வருவா. மூக்குக்கண்ணாடி பாத்து ஒதுங்கிப் போவாளா? இது வெளக்குச் சுட்டதுங்க. நாளைக்குப் பொழுதுக்குள்ள எல்லாருக்கும் சரியாப் போகும்.”

“அது தப்பாப் போச்சுன்னா?” என்றாள் பெரியம்மா. “கட்டின தழையை எப்படி எடுக்கறது? ஆத்தா கோவிச்சுக்குவாளே. நான் ஒருதரம் குடுத்தது போதும் சாமி.”

சடசடவென்று கொத்து பிய்கிற சத்தம் கேட்டது. நங்கை இரண்டு பக்கத்து நிலையிலும் கை வைத்துத் தடவி, ஒரு இணுக்கு விடாமல் பிய்த்துத் தெருவில் வீசியிருக்கிறார்கள். யாரோ ஒரு கிழவர் தெருவில் நின்று, அபசாரம், அபசாரம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். “கோவம் வந்தா எடுத்தவளுக்கு வரட்டுங்க, இந்த ஊட்டுக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, நங்கை உள்ளே வந்து தட்டுத் தடுமாறி என் தலைமாட்டில் உட்கார்ந்தார்கள்.

அன்றுதான் எனக்குத் தெரிந்தது, கண்ணுக்கு முதல் மருந்து இருட்டு என்று. சன்னல்களில் சாக்குத் தொங்கவிடச் சொன்னார்கள். பானைத் தண்ணீரில் வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து கண்மேல் போட்டு, சூடேற ஏற மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நான் கசக்கப் போகும்போதெல்லாம் கையில் ஒரு அடி விழுந்தது. “கசக்காத சாமி, புண்ணு மேல மண்ணு தேச்சாப்பல ஆயிரும்” என்பார்கள். மற்றப் பெண்களுக்கும் அதே வைத்தியம், அதே அடி. இடையிடையே என் இமையைப் பிரித்துத் தாய்ப்பால் விட்டார்கள். கண் நோய் என்றால் அந்தக் காலத்தில் கைப்பிள்ளைக்காரியைத்தான் தேடி ஓடுவோம். அது கூடாது, கண்ணில் எதையும் விடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று இப்போது கண் டாக்டர்கள் சொல்கிறார்கள், அவர்கள் சொல்வதுதான் சரி. எனக்கு ஞாபகம் இருப்பது, அந்த இருட்டில் என் நெற்றிமேல் இருந்த அவர்களுடைய உள்ளங்கையும், தன் வலியை அடக்கிக்கொண்டு அவர்கள் விட்ட மூச்சும்தான். எனக்குத் துணி மாற்றிய நேரம் போக, தன் கண்ணுக்கு ஒரு துணி போட்டுக்கொண்டார்களா என்று கேட்கக்கூட எனக்கு அன்று தோன்றவில்லை.

செய்தி அதற்குள் மாப்பிள்ளை ஊருக்குப் போய்விட்டது. பெண் வீட்டில் வேப்பிலை ஏறியது என்பது மட்டும் போயிற்று, இறக்கியது போகவில்லை. இந்த இடத்தை என் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கே பந்தலைப் பிரிக்கலாமா என்கிற பேச்சு வந்துவிட்டதாம். என் மாமியார் ஒரு பக்கம் அழுகை, இவர் ஒரு பக்கம் தலையில் கை. பொழுதோடு ஒரு வண்டி வந்து நின்றது. நங்கை இறங்கினார்கள். மாப்பிள்ளை புறப்படுவதற்கு முன்னால் உடன்பிறந்தவள் நின்று செய்ய வேண்டிய இணைச்சீர் என்று ஒன்று எங்களுக்கு உண்டு. அதற்காக எப்படியும் அவர்கள் வர வேண்டியவர்கள்தான். ஆனால் கண் இரண்டும் மிளகாய்ப்பழமாக, முகம் வீங்கி, இடுப்பில் பால் குடிக்கிற பிள்ளையோடு வந்து பந்தல் நடுவில் நின்றார்களாம். நடந்ததை ஒன்றுவிடாமல், கணக்குப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடி உட்பட, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்களாம்.

எங்கள் கல்யாணங்களை நடத்திவைக்கிற பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் எழுந்து வந்து நங்கையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். மேல் சுடவில்லை. கையையும் முகத்தையும் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை. “காலையில கண்ணைத் தொறக்க முடியலீங்க, இப்பப் பாருங்க, உங்க தலப்பாக் கட்டுக்குச் சாயம் போனது வரைக்கும் தெரியுது” என்றார்களாம் நங்கை. பந்தலில் ஒரு சிரிப்பு எழுந்தது. அருமைக்காரர் சிரிக்கவில்லை. இடுப்பில் இருந்த பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அம்மை வாத்தவ பால் குடிக்கிற புள்ளையத் தொடுவாளா? சீரை ஆரம்பிங்கப்பா” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

மறுநாள் விடியற்காலையில் எனக்குக் கண் திறந்தது. கூசியது, நீர் வடிந்தது, ஆனால் திறந்தது. அப்பா எஞ்சினை வண்டியில் ஏற்றிச் சித்தப்பாவோடு ஊர் எல்லை தாண்டி அனுப்பியிருந்தார். பந்தலில் ஆமணக்கெண்ணெய் விளக்குகள் மட்டும் எரிந்தன. நான் குனிந்த தலையோடு மணையில் இருந்தேன். கெட்டிமேளம் கொட்டித் தாலி ஏறியபோதுதான் தலையைத் தூக்கினேன். பெண்கள் எல்லாரும் அந்த நேரத்தில் புருஷன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். என் கண்ணில் முதலில் பட்டது நங்கையின் முகம். வீக்கம் வடியாத முகம். எனக்குப் பின்னால் நின்று பிடிக்க வேண்டிய கல்யாண விளக்கைப் பக்கவாட்டில் தள்ளி நின்று பிடித்துக்கொண்டு, அந்தச் சின்னச் சுடர்கூட என் கண்ணில் அடிக்காதபடி மற்றக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண் இன்னும் ஆறவில்லை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

பிற்பாடு சேலத்தில் ஒரு கண் டாக்டரிடம் அப்பா என்னைக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் அந்த மாதிரி விளக்கிலும் வெயிலிலும் உண்டு, அது கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும், சுட்டது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும் என்றார் அவர். இரும்புப் பெட்டியும் கண்ணாடியும் வைத்திருப்பது அதைத் தடுக்கத்தானாம். ஒரு தடவை ஆறிவிட்டது என்று அடுத்த தடவை அலட்சியமாக இருக்கக்கூடாது என்றும் எச்சரித்தார். பெரியம்மா அதைக் கேட்டுவிட்டு அழுதாள், நங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சித்தப்பாவோ, அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு அகல் விளக்குகூட அவர் கையால் ஏற்றியதில்லை.

நங்கை வெகு காலம் இருந்தார்கள். எனக்கும் பல் விழுந்த பிறகு ஒரு நாள், இரண்டு பேரும் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“ஏனுங் நங்கையா, அன்னைக்கு வெளக்குத்தான்னு அவ்வளவு உறுதியா உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க?”

“எனக்கென்ன சாமி தெரியும்?” என்றார்கள், கடலையிலிருந்து கையை எடுக்காமல். “நெனச்சதைச் சொன்னேன். சரியா இருக்கோணும்னு சாமியைக் கும்பிட்டுக்கிட்டே சொன்னேன்.”

பிறகு அவர்களாகவே சொன்னார்கள். விடியும் முன்பே கண் எரிந்து எழுந்தவுடன், அம்மைதான் என்று பயந்து, பிள்ளையைத் தொடாமல் பக்கத்து வீட்டுக்காரியை அழைத்துத் தூக்கிப் போகச் சொன்னார்களாம். எங்கள் வாசலில் வேப்பிலையைப் பிய்த்த பிறகும் அவனைத் திரும்ப வாங்கவில்லை. அம்மனுக்குக் கோபம் வந்தால் தழையை எடுத்த கையோடு போகட்டும், பிள்ளைக்கு வேண்டாம் என்று நினைத்து, தானே வந்து கேட்டாலும் கொடுக்காதே என்று பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லி அனுப்பினார்களாம். சாயங்காலம் கண் திறந்து, மேல் சுடவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவனைக் கையில் வாங்கி, வாங்கிய கையோடு வண்டி ஏறியிருக்கிறார்கள்.

“அதுவரைக்கும் பையன்?”

“ஆட்டுப்பாலைச் சங்குல ஊத்துனாளாம். துப்பித் துப்பி அழுதுக்கிட்டுக் கெடந்தானாம். எனக்கு இங்க மாரு கட்டிக்கிட்டு உசுரு போச்சு” என்று சொல்லிவிட்டு, சொத்தைக் கடலை ஒன்றைப் பொறுக்கி எறிந்தார்கள்.

நான் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டேன். அவனுக்குச் சேர வேண்டியதைத்தான் அன்று பகல் முழுவதும் என் கண்ணில் விட்டிருக்கிறார்கள்.

நங்கை இன்று இல்லை. அந்தப் பையன் இருக்கிறான். அவனே இப்போது பேரன் எடுத்துவிட்டான், தலை முழுக்க நரை. சந்தைக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் வண்டியை நிறுத்துவான். சர்க்கரை வியாதி, டாக்டர் கூடாது என்கிறார் அத்தை என்று எவ்வளவு சொன்னாலும், ஒரு டம்ளர் பாலைக் குடிக்காமல் நான் அவனைப் படியிறங்க விடுவதில்லை. எதற்கு இந்தப் பிடிவாதம் என்று முணுமுணுத்துக்கொண்டே குடிக்கிறான். ஏன் என்று அவனிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.